ஒரு மாதமும் தவறாத அக்காவுக்கு

என் உசுரான அஞ்சலை அக்காவுக்கு,

உன் மாத்திரை டப்பாவில் உன் மாமியார் இப்போது மூக்குப்பொடி வைத்திருக்கிறாள். எடுத்ததும் இந்தச் சேதியா என்று கோபப்படாதே. நல்ல சேதியாகத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு டீ குடிக்காமல் காத்திருப்பாயே, அந்தச் சின்ன வெள்ளை டப்பாதான். மிச்சம் இருந்த தைராய்டு மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவக்கூட இல்லாமல் பொடியை அடைத்து இடுப்பில் செருகியிருக்கிறாள். என் முன்னாலேயே திறந்தாள். இரண்டு விரலால் எடுத்து ஏற்றி, தும்மி, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒங்கக்கா போனதுலேருந்து வூடே வெறிச்சுன்னு கெடக்குது கொளஞ்சி" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. குமட்டிக்கொண்டுதான் வந்தது.

நீ போன பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கிறது. துக்கம் என்றால் நெஞ்சு கனக்கும், சோறு இறங்காது என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. காறித் துப்ப வேண்டும் போலத்தான் இருக்கிறது.

மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டு என்று எல்லோரும் சொன்னார்கள். அநியாயம் செய்தவன் பேரைத் தாளில் எழுதி வேலில் கட்டினால் சாமி விசாரித்துத் தீர்ப்பு சொல்லும், உனக்கு வைத்திருப்பதே அந்தச் சாமி பேருதானே என்றார்கள். போனேன். தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யார் பேரை எழுதுவது? டாக்டர் பேரா, உன் மாமியார் பேரா, நம் கம்பெனி மேஸ்திரி பேரா? யோசிக்க யோசிக்க ஒவ்வொரு பேராக வந்தது. கடைசியில் உன் பேரும் வந்தது அக்கா. அப்படியே எழுந்து வந்துவிட்டேன். சாமிக்கு எழுத முடியாததை உனக்கு எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவள் எழுதுவது, பிழை இருக்கும். ஊரார் யாராவது படித்தால் படிக்கட்டும். மறைத்தவரைக்கும் போதும்.

நீ செத்ததற்குப் பேனர் வைத்தார்களே, அது உனக்குத் தெரியாது. மாசி மகத்துக்குக் கட்டிய பேனர்களோடு பேனராக, பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் உன்னையும் கட்டியிருந்தார்கள். பார்த்தவுடனே எனக்கு யாரோ என்று இருந்தது. உன் மூஞ்சியில் இருந்த உப்பலை எல்லாம் கம்ப்யூட்டரில் இழைத்து ஒல்லியாக்கிவிட்டான் கடைக்காரன். உதிர்ந்துபோன உன் புருவத்துக்குக் கறுப்பாகக் கோடு இழுத்திருந்தான். உன் சீக்கு உன் மூஞ்சியிலேயே எழுதியிருந்தது. உயிரோடு இருந்தபோது அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. செத்த பிறகு பேனர் கடைக்காரன் பார்த்திருக்கிறான், பார்த்து அழித்தும்விட்டான்.

உன் பெண் தேனு பிறந்தபோது நான் உன் கூட இருந்தேன். உனக்கு ரத்தம் நிற்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் வைத்த தொட்டியை ஆஸ்பத்திரி ஆயாம்மா எடுத்துப்போய்க் கொட்டிக்கொட்டி வைத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மாமா தன் கூட லாரி ஓட்டுகிறவர்களை எல்லாம் கூட்டி வந்து ரத்தம் கொடுக்க வைத்தார். பிழைத்தாய். ஆனால் பால் வரவில்லை. ஒரு சொட்டு வரவில்லை. உன் மாமியார் பூண்டு கொடுத்தாள், பால்சுறா வாங்கிக் குழம்பு வைத்தாள், பிறகு அக்கம்பக்கத்துப் பொம்பளைகளைக் கூட்டி வந்து காட்டினாள். "பாருங்கடி, பெத்தவளுக்கு மாரு காஞ்சு கெடக்குது" என்றாள். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். புள்ளை பசும்பாலில் வளர்ந்தது.

அதற்கப்புறம் உனக்கு மாசாமாசம் வருகிற தூரமும் வரவில்லை என்பதை நீ யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

ஏன் என்று இப்போது புரிகிறது. அந்த வீட்டில் ஏற்கெனவே திட்டக்குடியிலிருந்து கட்டி வந்த ஒரு மருமகளை, மாசாமாசம் ஆகவில்லை, இவள் இருசி என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உன் கொழுந்தனாருக்கு வேறு பெண் பார்த்துக் கட்டினார்கள். பாலும் இல்லை, அதுவும் இல்லை என்றால் உன்னை என்ன செய்திருப்பார்கள்? அதனால் நீ மாசம் தவறாமல் மூன்று நாள் பின்கட்டு மூலையில் கிழிந்த பாயைப் போட்டு, தனித் தட்டு, தனி டம்ளரோடு உட்கார்ந்தாய். வராததுக்கு உட்கார்ந்தாய்.

வீட்டில் மட்டுமா? நம் கம்பெனியிலும்தானே. இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நம் செராமிக் கம்பெனியில் சூளைக்கு நெருப்பு வைக்கிற அன்று கற்பூரம் காட்டிப் பூசை போடுவார்கள். தூரமான பெண்கள் அன்றைக்குச் சூளைக் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது. போனால் உள்ளே சுடுகிற பொம்மை வெடித்துவிடும், கரண்டு பீஸ் கட்டையெல்லாம் விரிசல் விட்டுவிடும் என்று பேச்சு. அதனால் ஒவ்வொருத்தியும் ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். நாங்களெல்லாம் கூச்சத்தில் முணுமுணுப்போம். நீ மட்டும் நேராகப் போய்ச் சொல்லுவாய்.

"மேஸ்திரிண்ணே, நான் இன்னிக்கு அந்தப் பக்கம் வரல."

"அஞ்சலை சொல்லிட்டாளா? அப்ப மாசம் பொறந்துடுச்சி. எவனாவது காலண்டர் தாளக் கிழிங்கடா!"

லோடு ஏற்றுகிற பையன்கள் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். சுடாத பச்சைப் பொம்மைக்கு ஓரம் சீவிக்கொண்டே பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். பொய் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

உனக்கு உடம்பு முடியாமல் போனதையும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சித்திரை வெயிலில், சூளை அனலில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்தவள் இந்த ஊரிலேயே நீ ஒருத்திதான். "அஞ்சலைக்கு ஊட்டியில சம்பந்தம்" என்று கிண்டல் செய்தார்கள். நின்றால் கண் இருட்டும். முகம் வெளுத்துப் போய், சுடாத பொம்மை மாதிரி இருந்தாய். மலம் போகாது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், பேச்சு இழுக்கும். முதலில் பார்த்த வயசான டாக்டரம்மா உன் கண்ணை இழுத்துப் பார்த்து, கையைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு சுரப்பது கம்மியாக இருக்கிறது என்று மாத்திரை தொடங்கினார். அதில் கொஞ்சம் தெளிந்தாயே. கருவேப்பிலங்குறிச்சியில் நம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினாயே. அந்த டாக்டரம்மா மகனோடு இருக்கிறேன் என்று ஊரை விட்டுப் போனார். அதோடு நம் நல்ல நேரமும் போனது.

பிறகு வந்த டாக்டரிடம் நானும்தான் உன்னோடு வந்தேன். உன் மாமியாரும் வந்தாள். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். டி.எஸ்.எச். என்று ஒன்று இருக்கிறதாம், அது கீழே போயிருக்கிறதாம்.

"மாத்திர ஜாஸ்தியாப் போவுது. பாதியாக் கொறைங்க."

"சார், எனக்குக் குளுருது சார். எந்திரிக்க முடியல."

"ரிப்போர்ட்டுல அப்படி இல்லியேம்மா. ஜாஸ்தியாப் போனா படபடப்புதான் வரும், குளுராது."

"அதாங்க சார், படபடப்பு இல்ல, குளுருதுங்க."

அவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டே, "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?" என்றார். யாரைக் கேட்டார் என்றே தெரியவில்லை. உன் மாமியார் முந்திக்கொண்டாள். "அதுல ஒண்ணும் கொறையில்லீங்க, டாண்ணு ஆவுது, தட்டு வைக்கறதே நான்தான்." நீ தலையை ஆட்டினாய். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்துவிட்டார்.

பாதியாகக் குறைத்தாய். எழுந்து நடக்க முடியாமல் போனாய். மறுபடி போனோம். மறுபடி அந்த எண் கீழேயே இருந்தது. அப்படியானால் மாத்திரையே வேண்டாம் என்று நிறுத்தினார். "ரத்தம் நல்லாதான் இருக்குது, மனசுதான் சரியில்ல" என்று தூக்க மாத்திரை எழுதினார். வெளியே வந்ததும் உன் மாமியார், "நான் அப்பவே சொன்னேனே, சோம்பேறித்தனத்துக்கு எந்தக் கடையில மாத்திர விக்கிது?" என்றாள். நீ படிக்கட்டில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பொத்தானைப் போட முடியாமல் போட்டுக்கொண்டிருந்தாய். உடம்பு ஒன்று சொல்கிறது, தாள் ஒன்று சொல்கிறது. தாளைத்தான் எல்லோரும் நம்பினார்கள். உடம்பை வைத்துக்கொண்டு நீ எங்கே போவாய்?

மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போனாய். பழைய சீட்டைக் காட்டி, பழைய அளவு மாத்திரையே ஒரு டப்பா வாங்கி, ஒருவருக்கும் தெரியாமல் போட ஆரம்பித்தாய். அந்த டப்பாதான் இப்போது உன் மாமியார் இடுப்பில் இருக்கிறது. ஊரே இதைத்தான் பேசுகிறது. மாத்திரையை அள்ளித் தின்றுவிட்டாள், தானாகச் செத்துப்போனாள் என்கிறது. அள்ளியா தின்றாய்? தினம் ஒன்று போட்டாய். அந்த வயசான டாக்டரம்மா எழுதிய அதே ஒன்று.

பிறகு அந்தக் காய்ச்சலும் வாந்தியும். இங்கே பார்த்து முடியாது என்று பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே வந்த சின்ன வயசு டாக்டரம்மா உன்னைப் பார்த்ததும் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை, அக்கா. உன் கையைத் தூக்கி அக்குளில் முடி இருக்கிறதா என்று பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். "புள்ள பொறந்தப்ப ரத்தம் ரொம்பப் போச்சா? பால் வந்துச்சா? அதுக்கப்பறம் தூரம் வந்துச்சா?" என்றார். ஒன்றன் பின் ஒன்றாக, கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி கேட்டார்.

உன் மாமியார் வழக்கம்போல ஆரம்பித்தாள். "மாசாமாசம் டாண்ணு..."

"பாட்டிம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் எதுக்குங்க வெளிய? எனக்குத் தெரியாததா?"

"அதான் சொல்றேன். வெளிய இருங்க."

கதவு சாத்தியதும் நீ மேலே ஃபேனைப் பார்த்தாய். "வரலீங்க" என்றாய்.

"எப்பத்திலேருந்து?"

"எம் பொண்ணு பொறந்ததுலேருந்து."

தேனு ஒன்பதாவது படிக்கிறாள். அத்தனை வருஷம். டாக்டரம்மா போன பிறகு நான் கேட்டேன். "துணி தொவைச்சுக் காயப் போடுவியேடி, அது?" நீ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய். "பொம்மைக்கு அடிக்கற செங்காவியக் கொஞ்சம் மடியில முடிஞ்சிக்கினு போவேன். கரைச்சுத் துணியில தடவி, கெழவி பாக்கறாப்புல தொவைப்பேன்." அன்றிலிருந்து அந்தச் செங்காவி டப்பாவைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இப்போதும் அதில்தான் வேலை செய்கிறேன்.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுச் சொன்னார். கழுத்தில் இருக்கிற தைராய்டு வேலைக்காரி மாதிரியாம். தலைக்குள்ளே மூளைக்கு அடியில் இருக்கிற ஒரு சின்னச் சுரப்பிதான் மேஸ்திரியாம். வேலை குறைந்தால் மேஸ்திரி சத்தம் போடுவார். அந்தச் சத்தத்தைத்தான் டி.எஸ்.எச். என்று அளக்கிறார்களாம். சத்தம் குறைவாக இருந்தால் உள்ளே வேலை அமோகமாக நடக்கிறது என்று அர்த்தமாம். "ஒங்க அக்காவுக்கு அன்னிக்கு ரத்தம் கொட்டினதுல அந்த மேஸ்திரியே செத்துட்டாரும்மா. செத்தவரு எப்படிச் சத்தம் போடுவாரு?" என்றார். சத்தம் இல்லை, வேலை நன்றாக நடக்கிறது என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், அக்கா. அந்த எண்ணை விட்டுவிட்டு வேறு எண்ணைப் பார்த்திருக்க வேண்டுமாம். உன்னைப் பார்த்திருக்க வேண்டுமாம்.

நீயாகப் போட்ட மாத்திரை தப்பா என்றும் கேட்டேன். உனக்கு வேண்டிய மாத்திரைதானாம். ஆனால் அதே மேஸ்திரிதான் காய்ச்சலைத் தாங்குகிற இன்னொரு சுரப்பையும் ஓட்டுகிறவராம். அதற்கு முதலில் மருந்து கொடுத்துவிட்டுத்தான் தைராய்டு மாத்திரையைக் கொடுக்க வேண்டுமாம். இல்லையென்றால் உடம்பு படுத்துவிடுமாம். உனக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? கேட்டவர்களிடம் நீ எதைச் சொன்னாய், அவர்கள் உனக்குச் சொல்ல?

அந்தச் சுரப்புக்கு ஊசி போட்ட மறுநாள் உன்னைப் பார்த்து எனக்குப் பயமே வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டாய். "பசிக்குதுடி கொளஞ்சி, இட்லி வாங்கியா" என்றாய். ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டாய். அந்த ஒரு நாள் நீ என் பழைய அக்காவாக இருந்தாய். இத்தனை வருஷமும் நீ இப்படி இருந்திருக்கலாம் என்று எனக்குத் தெரிந்த நாளும் அதுதான். அதைப் போல ஒரு கொடுமை வேறு இல்லை.

அன்றைக்குத்தான் அதையும் கேட்டாய். "அப்ப, தேனு பொறந்ததுலதான் எனக்கு இது ஆரம்பிச்சதா?" நீ என் கையை இழுத்து உன் தலையில் வைத்தாய். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதடி. தன்னாலதான்னு நெனச்சிக்கும். சத்தியம் பண்ணு." பண்ணினேன். இரண்டு நாளில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. உடம்பில் தாங்கிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். போய்விட்டாய்.

நீ போன பிறகு நான் பார்த்த அசிங்கங்களைச் சொல்கிறேன், கேள்.

நம் மேஸ்திரி மாலையோடு வந்தார். கூடியிருந்த ஆம்பிளைகளிடம் சொன்னார். "சுத்தமான பொம்பள. ஒரு மாசம் தவறினதில்ல. அஞ்சலையால சூளைக்கு ஒரு தீட்டும் வந்ததில்ல." எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உனக்கு எதுவும் வராமலேயே உன்னைப் பக்கத்தில் விடாத சூளை அது. அத்தனை வருஷமும் பொம்மை வெடித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு எவளைக் கேட்டார்கள்?

டாக்டரிடமும் போனேன். சண்டைக்குப் போகவில்லை. இன்னொருத்திக்கு இப்படி ஆகக் கூடாது என்று சொல்லப் போனேன். டோக்கன் போட்டு, வரிசையில் உட்கார்ந்து உள்ளே போனேன்.

"என்னம்மா பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் பண்ணல சார். எங்கக்கா அஞ்சலை செத்துட்டா."

யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்வெட்டர் போட்ட பொம்பளை என்றேன். "ஓ, அந்தத் தைராய்டா" என்றார். பாண்டிச்சேரியில் சொன்னதை எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னார்.

"நான் கேட்டேனேம்மா. மாசாமாசம் வருதுன்னாங்க. பொய் சொன்னா நான் என்ன பண்றது?"

"பொய் சொன்னா சார், ஒத்துக்கறேன். அவ மூஞ்சி பொய் சொல்லலியே. அதப் பார்த்தீங்களா?"

அவர் மணியில் கையை வைத்துக்கொண்டார். "கூடப் பொறந்தவங்களுக்கும் தைராய்டு வரும். எதுக்கும் கீழ லேபுல ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி மணியை அடித்தார். வெளியே வந்து தெருவோரம் துப்பினேன். எவ்வளவு துப்பியும் வாய்க் கசப்பு போகவில்லை. ஏன் தெரியுமா? அவர் சொன்னதில் பாதி நிஜம். அந்தப் பாதி உன்னுடையது.

ஆமாம், உன் மேலேயும் எனக்கு அருவருப்புதான். யாருக்காக இவ்வளவு மறைத்தாய்? பொடி போடுகிற அந்த மூக்குக்கா? மாமாவிடம் சொல்லியிருந்தால் என்ன? அந்த மனுஷன் உன்னை அனுப்பியிருப்பாரா? அனுப்பினால்தான் என்ன, என் வீடு இல்லையா? என்னிடம் கூடவா அக்கா?

இப்போது தேனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன மாசம் உன் வீட்டுக்குப் போனேன். பின்கட்டு மூலையில் உன் கிழிந்த பாயில் உன் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உன் தட்டு, உன் டம்ளர். உன் மாமியார் பெருமையாகச் சொன்னாள். "அவங்கம்மா மாதிரியே. சொல்லாமலே போயி ஒக்காந்துக்குது பாரு. தப்பாத பொண்ணு."

அந்த "தப்பாத" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. நீ செத்த பிறகு அவளுக்கு நான் நாப்கின் வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். போய்ப் பார்த்தேன். பிரிக்கவே இல்லை. பழைய பாக்கெட்டும் அப்படியே இருந்தது. கடைக்குப் போகலாம் வா என்று அவளைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன்.

"தேனு, உனக்கு வருதா?"

"வருது சித்தி."

"எம் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா செத்ததுலேருந்து வரல. வரலன்னா ஆயா என்னென்னவோ கேக்கும். தேதி வெச்சுக்கினு இருக்குது. அதான் போயி ஒக்காந்துக்கறேன்."

நான் ரோட்டிலேயே வாந்தி எடுத்தேன் அக்கா. உன் பெண்தான் என் முதுகைத் தடவினாள். தடவிக்கொண்டே கேட்டாள். "சித்தி, அம்மா தானாத்தான் செத்துச்சா? என்னிய வேணாம்னு மாத்திரையத் தின்னுச்சா?"

இதை மனசில் வைத்துக்கொண்டுதான் புள்ளை இத்தனை நாளாகச் சாப்பிட்டு, பள்ளிக்கூடம் போய், அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறது. நீ சொல்லாதே என்று சொன்னதற்குப் பதிலாக அவளுக்குக் கிடைத்திருப்பது இதுதான்.

சத்தியத்தை உடைத்தேன். கம்பெனி காம்பவுண்டு ஓரம் உடைந்த பொம்மைகளைக் குவித்திருக்கிற இடத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் போனதையும், பால் வராததையும், மேஸ்திரி செத்த கதையையும், செங்காவியையும் சொன்னேன். எதையும் விடவில்லை. அவள் அழவில்லை. ஒரு பொம்மையின் உடைந்த கையை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான் பொறந்ததாலதானா?"

"இல்லடி. நீ பொறந்தப்ப ரத்தம் போச்சு, அது ஒங்கம்மா உடம்புல நடந்துது. அன்னிக்கே எவராவது கேட்டு, அவளும் சொல்லியிருந்தா, மாத்திரையில ஓடியிருக்கும் பொழப்பு. கேக்காததாலயும் சொல்லாததாலயும் செத்தா. நீ பொறந்ததால இல்ல."

"அம்மாவுக்குத் தெரியுமா, எங்கிட்டேருந்துதான் ஆரம்பிச்சுதுன்னு?"

"கடைசியிலதான் தெரியும். தெரிஞ்சதும் ஒன்னப் பத்திதான் பேசுனா. ஒங்கிட்ட சொல்லாதன்னா."

அந்தப் பொம்மைக் கையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "அப்ப என்னிய வேணாம்னு போவலை." அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு அப்புறம்தான் அழுதாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. திட்டுவதானால் திட்டு.

போன வாரம் அவளைப் பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நான் வராமல் எப்படி என்று உன் மாமியாரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். அந்த டாக்டர் தேனுவைத்தான் பார்த்துக் கேட்டார். "மாசாமாசம் ஒழுங்கா வருதாம்மா?" உன் மாமியார் டப்பாவைத் திறந்து பொடியை எடுத்தபடியே, "அதெல்லாம் டாண்ணு..." என்றாள்.

"இல்லீங்க டாக்டர்" என்றாள் உன் பெண். "அம்மா செத்ததுலேருந்து வரல. ஆயாவுக்குத் தெரியக் கூடாதுன்னு பொய்யிக்கு ஒக்காந்துக்கினு இருந்தேன். எங்கம்மாவும் அப்படித்தான் ஒக்காந்துச்சு. அதனாலதான் செத்துச்சு."

உன் மாமியார் விரலில் எடுத்த பொடி மூக்குக்குப் போகவில்லை, மடியில் உதிர்ந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்தக் கிழவிக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் தெரிந்தது. அதுவும் ஒரு அருவருப்புதான்.

இந்த வயசில், துக்கத்தில், சாப்பாடு சரியில்லாமல் இப்படித் தள்ளிப்போவது உண்டு, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். எதற்கும் ரத்தம் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. அந்தச் சொல்லைத்தானே உனக்கும் சொன்னார்கள். "ரிப்போர்ட் சரிங்க டாக்டரம்மா, புள்ளயப் பாருங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. திரும்பக் கண்ணை இழுத்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறாய், தூங்குகிறாயா என்று கேட்டார். இரண்டு மாசம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். வந்துவிடும் என்றார். வருமா அக்கா? வராவிட்டாலும் எங்களுக்குத் தெரியும், வரவில்லை என்று. உனக்கு அப்படித் தெரிந்துகொள்ள ஒருத்தர்தானே இல்லாமல் போனது.

ஆட்டோவில் திரும்பி வருகிறபோது தேனு கையை நீட்டினாள். "அந்த டப்பாவக் குடு ஆயா." கிழவி இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். குழாயடியில் வைத்துக் கழுவினோம். இன்னும் பொடி நாற்றம் போகவில்லை. கழுவிக்கொண்டே இருக்கிறோம்.

உன் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை உடைத்தவளின் வாக்கு என்ன வாக்கு என்று நீ கேட்கலாம். ஆனாலும் தருகிறேன். உன் பெண் எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும் அவளுக்காக வேறு யாரும் வாயைத் திறக்க விடமாட்டேன், நான் உட்பட. வருகிற வெள்ளிக்கிழமை சூளைக்கு நெருப்பு வைக்கிறார்கள். அன்றைக்கு எனக்குத் தூரமாகத்தான் இருக்கும். மேஸ்திரியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அந்தச் சூளைப் பக்கம்தான் போய் நிற்பேன். வெடிக்கிற பொம்மை வெடிக்கட்டும்.

உன் சொல்லை மீறினவள்,
உன் கூடப்பிறந்தவள்,
உன் பெண்ணுக்குச் சித்தி,
கொளஞ்சி